பூவின் மேல் வைத்த புள்ளிகள்

நர்ஸ் ஊசி மருந்தை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர், "ஐயோ!" என்று இரண்டடி பின்வாங்கினார். பால் பாத்திரத்துக்கும் எலுமிச்சம்பழங்களுக்கும் நடுவே, பிளாஸ்டிக் பைக்குள் கறுப்பாக உட்கார்ந்திருந்த ஒன்று க்ளிக் என்றது.

"மூடுங்க சிஸ்டர், மூடுங்க!" தங்கை கூடத்திலிருந்து ஓடிவந்தாள். "பதினொண்ணாவது ஓடிட்டு இருக்கு."

"என்னம்மா இது, உள்ள?"

"கேமரா."

"கேமராவை யாராவது ஃப்ரிட்ஜுல வைப்பாங்களா?"

கூடத்துக் கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் அதில் சிரிப்பு இருந்தது. "அதுக்குக் காய்ச்சல் சிஸ்டர். எனக்குப் போடறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு ஊசி போட்டுடுங்க."

தங்கை மருந்துக் குப்பியை மட்டும் விரலிடுக்கில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கதவின் ரப்பர் விளிம்பு வழியாக ஒரு மெல்லிய ஒயர் வெளியே தொங்கியது. அதன் நுனியில் ஒரு டைமர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திறந்து மூடுவது அதன் வேலை. பக்கத்தில் சமையல் மேடைமேல் அவளுடைய நோட்டுப் புத்தகம். அதில் எழுதினாள்: இருட்டு 11 – கதவு திறந்தது. சேர்க்க வேண்டாம்.

கேமரா நெடுநேரம் திறந்திருந்தால் சூடாகி, இல்லாத நட்சத்திரங்களைத் தானாகவே படத்தில் போட்டுவிடும். லென்ஸ் மூடியைக் கழற்றாமல், அதே குளிரில், அதே இரண்டு நிமிடம் வெறும் இருட்டைப் படம் பிடித்து வைத்தால், பொய்ப் புள்ளிகள் எவை என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு நிஜப் படத்திலிருந்து கழித்துவிடும். நேற்று மாலை அவள் வானத்தைப் படம் எடுத்தபோது மொட்டைமாடியில் எட்டு டிகிரி. பகல் இரண்டு மணிக்கு எட்டு டிகிரி கிடைக்க அந்த வீட்டில் வேறு இடம் இல்லை.

இதையெல்லாம் நர்ஸிடம் விளக்கலாமா என்று யோசித்து, தான் சொல்வது சரிதானா என்ற சந்தேகம் வந்ததால் விட்டுவிட்டாள். வானத்தைப் படம் எடுக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஊசி போட்டுவிட்டு, செருப்பை மாட்டும்போது நர்ஸ் வாசலில் அவளைக் கண்ணால் கூப்பிட்டார்.

"கால் சில்லுன்னு ஆயிடுச்சும்மா. மூச்சும் விட்டு விட்டு வருது. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ராத்திரி தாண்டறது கஷ்டம். அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. நான் ஏழு மணிக்கு வந்துடறேன்."

"வலிக்குமா சிஸ்டர் அவனுக்கு?"

"வலிக்காது. அதுக்குத்தான் ஊசி." நர்ஸ் அவள் தோளில் கைவைத்தார். "பேசிட்டு இருங்க. உங்க அண்ணனுக்குப் பேச்சு பிடிச்சிருக்கு."

அவள் உள்ளே வந்து நோட்டை எடுத்தாள். எழுத வேண்டியதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. மூடிவைத்தாள்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கை வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை மட்டும் அசைத்தாள். "எனக்குத் தெரியும்டீ. கால் என் மடியிலதானே இருக்கு."

அண்ணன் கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறான் என்று இருவரும் நினைத்தார்கள். ஃப்ரிட்ஜுக்குள் க்ளிக் என்றது.

"பதினாலு," என்றான் அண்ணன்.

அவனுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, பூதக்கண்ணாடி. அவன் பிரித்த எதுவும் திரும்பச் சேராமல் போனதில்லை என்று தெருவில் பேர். நோய் வந்த பிறகு தங்கை பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது, முதலில் உற்சாகப்பட்டது அவன்தான். கேமராவின் கண்ணான சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அது ஆழ்ந்த சிவப்பைத் தடுத்துவிடும். மனித முகங்களுக்கு அது தேவை. வானத்தில் ஹைட்ரஜன் மேகங்கள் ஒளிர்வதோ அதே சிவப்பில். தகட்டை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிவப்பெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

"கடையில குடுத்தா பண்ணித் தருவாங்களாம்," என்று அவள் சொன்னாள்.

"கடையா? அப்ப நான் யாரு, நாட்டு வைத்தியரா?"

மாத்திரைகளால் அப்போதே அவன் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மணிக்கட்டைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் அதைச் செய்தான். அதுதான் அவன் செய்த கடைசி வேலை.

அதன்பின் ஐந்து மாலைகள் அவள் மொட்டைமாடிக்குப் போனாள். குறி ஒன்றே ஒன்றுதான்: ரோஜா நெபுலா. குளிர்கால வானத்தில் மாலையிலேயே உயரத்தில் நிற்கும் ஒரு வாயுப் பூ. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறையப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தெரியும். அவள் ஒவ்வொரு முறையும் அடுக்கினாள். ஒவ்வொரு முறையும் கிடைத்தது அழகான, சீரான, சாம்பல் நிற வானம். நட்சத்திரங்கள் இருந்தன. பூ இல்லை.

நான்காவது படத்தை வகுப்பு ஆசிரியரிடம் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கேமராவை வீட்லயா பிரிச்சீங்க? உள்ள ஏதாவது பட்டிருக்கும்," என்று சொன்னார். அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் தினமும் கேட்டான்: "வந்துச்சா?" இல்லை என்றால் கொஞ்ச நேரம் தன் விரல்களைத் தூக்கிப் பார்த்துக்கொள்வான். போன வாரம் ஒருநாள் தானாகவே சொன்னான்: "என் கைதான் கெடுத்துடுச்சு போல. உன் கேமரா போச்சு."

இன்று அவளுக்கு இருப்பது ஒரு பிற்பகல். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து கேமராவை எடுத்தாள். லேப்டாப்பைக் கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் வைத்தாள். ஐந்து மாலைகளின் படங்களையும், இன்றைய இருட்டுகளையும் ஏற்றினாள். இருட்டு பதினொன்றைத் தேடிப்பிடித்து நீக்கினாள். நீக்கியது பதினொன்றுதானா என்று மறுபடி பார்த்தாள். பிறகு மூன்றாம் முறையும்.

"ரிஜிஸ்டர்," என்றான் அண்ணன். எதையும் எழுதிவைக்கும் அவளுக்கு அவன் சின்ன வயதில் வைத்த பெயர் அது. "பரீட்சை பேப்பரா திருத்தற? பட்டனை அழுத்துடீ."

அழுத்தினாள். கம்ப்யூட்டர் விசிறி இரைய ஆரம்பித்தது. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

"எவ்வளவு நேரம்?"

"அம்பது நிமிஷம் ஆகும்ணா."

"சரி, நான் இருக்கேன்," என்றான் அவன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

அம்மா கால் மாற்றித் தேய்த்தாள். அவன் மூச்சு வந்தது, நின்றது, தங்கை மனசுக்குள் எண்ணினாள், ஏழில் மறுபடி வந்தது. எண்ணுவதை நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். நிறுத்த முடியவில்லை.

நாலு மணிக்கு அடுக்கு முடிந்தது. திரை முழுக்க மங்கிய செம்மஞ்சள். தெருவிளக்குகளின் வெளிச்சம் வானத்தில் கலந்து அப்படித்தான் வரும். அடுத்தது அதைக் கழிக்கும் வேலை. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு படத்தின் மேல் பச்சைப் புள்ளிகளை வைக்க ஆரம்பித்தாள். இடமிருந்து வலம் எட்டு, மேலிருந்து கீழ் ஆறு. நோட்டில் ஐந்து முறையும் அதே குறிப்பு இருந்தது: 48 புள்ளி, சம இடைவெளி. இந்த ஒரு வேலையில்தான் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்ததில்லை.

அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது என்ன, கோலி குண்டு அடுக்கற மாதிரி?"

"புள்ளி வச்ச இடமெல்லாம் வெறும் வானம்னு அது எடுத்துக்கும். அங்க என்ன நிறம் இருக்கோ அதை அழுக்குன்னு நெனச்சு, படம் பூராவும் பாத்துக் கழிச்சுடும்."

"ஓ."

அவள் நாலாவது வரிசைக்குப் போனாள்.

"பூ எங்க இருக்குன்னு சொன்ன?"

"நடுவுல. சரியா நடுவுல வர்ற மாதிரிதான் எடுத்தேன்."

"நடுவுலயும் புள்ளி வச்சிருக்கியே."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வைக்கணும்ணா. இல்லாட்டி..." அவள் நிறுத்தினாள்.

விசிறி இரைந்தது. எங்கோ கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள்.

"இல்லாட்டி?" என்றான் அண்ணன்.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. நடுவில் இருக்கும் பூவின் மேல் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஐந்து முறை. ஐந்து முறையும் இதுதான் அழுக்கு என்று அவளே விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு இதழ் விடாமல் துடைத்துக் கொடுத்திருக்கிறது.

"அண்ணா," என்றாள். "நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் அழிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும். உன் கை இல்லண்ணா. நான்தான்."

அவனுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சத்தம் வரவில்லை, போர்வை மட்டும் குலுங்கியது. சிரிப்பு இருமலாக, அம்மா பதறி அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அம்மா," என்றான் மூச்சு வாங்க. "உன் பொண்ணு அஞ்சு மாலை குளிர்ல நின்னு பூ பறிச்சுட்டு வந்து... வந்து... சுத்தமா பெருக்கி குப்பையில கொட்டியிருக்கா."

"பேசாதடா, மூச்சு வாங்குது பாரு."

"என் கை இல்லியாம்மா! கேட்டியா? என் கை இல்ல!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள் அம்மா. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கைக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வந்தது சிரிப்பு. இப்படிப்பட்ட ஒரு நாளில் தனக்குள் இவ்வளவு சந்தோஷம் பொங்குவது சரியா என்று ஒரு கணம் நினைத்தாள். அதை யோசிக்க நேரமில்லை. நடுவிலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஓரத்தில், மூலைகளில், வெறும் வானம் என்று நிச்சயமாகத் தெரிந்த இடங்களில் மட்டும் விட்டுவைத்தாள். நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை. விரல் தானாகவே பட்டனை அழுத்தியது.

செம்மஞ்சள் வழிந்து போனது. வானம் கறுத்தது. கறுப்பின் நடுவே சிவப்பு இருந்தது.

சிவப்பு என்றால், வட்டமாக, சுருள் சுருளாக, விளிம்பில் கிழிந்த மாதிரி. நடுவில் குழிந்த ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கொஞ்சம் நட்சத்திரங்கள் கூடி நின்றன. அவள் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் பூ வெளியே வந்தது.

"வந்துச்சு," என்றாள். குரல் கீச்சிட்டது. "அண்ணா, வந்துச்சு! வந்துச்சு!"

"கத்தாத. கிட்ட கொண்டா."

ஸ்டூலோடு இழுத்தாள். அவன் முகத்தில் திரையின் சிவப்பு விழுந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். இமைக்க மறந்தவன் போலப் பார்த்தான். அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, எப்படி இருக்கு?" என்றான் அண்ணன்.

அம்மா உண்மையாகவே யோசித்தாள். "கேஸ் அடுப்பு எரியற மாதிரி இருக்கு. சிவப்பா."

"அஞ்சாயிரம் வருஷம் பயணம் பண்ணி வந்திருக்கும்மா இந்த வெளிச்சம். அடுப்புங்கற."

"அஞ்சாயிரம் வருஷமா எரியுதுன்னா நல்ல அடுப்புதான்."

அவன் மறுபடி சிரித்தான். பிறகு அவன் கண்கள் சுருங்கின. கடையில் ஒரு போனைக் கையில் வாங்கியதும் சுருங்குமே, அதே மாதிரி.

"இடது மேல் மூலையைப் பெருசாக்கு."

பெரிதாக்கினாள். அந்த மூலையில் நட்சத்திரங்கள் வட்டமாக இல்லை. சின்னச் சின்ன முட்டைகளாக ஒரே பக்கம் இழுத்திருந்தன.

"சாஞ்சிருக்கு," என்றான். "சென்சார் அந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாஞ்சு உக்காந்திருக்கு. அது என் வேலை. அதை நான் ஒத்துக்கறேன்."

"அது யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே. பூ உன் தப்பு, மூலை என் தப்பு. கணக்கு சரி." அவன் மூச்சு நின்றது, அவள் எண்ணவில்லை, வந்தது. "நாளைக்குத் திறந்துடலாம். மூணு ஸ்க்ரூதான். அந்தப் பக்கத்தை ஒரு கால் சுத்து இறக்கினா போதும். நீ பிடிச்சுக்கோ, நான் சொல்றேன்."

"சரிண்ணா."

"கடை மேசையில மஞ்சப் பிடி டிரைவர் இருக்கும். வேற எதையும் எடுத்துட்டு வந்து ஸ்க்ரூ தலையை மழுக்கிடாத."

"சரி."

"சரி சரிங்கற, எழுதிக்கோயேன். எல்லாத்தையும் எழுதுவியே."

அவள் எழுதினாள். மஞ்சள் பிடி டிரைவர். கால் சுற்று. நாளை. அவன் எழுதுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையைச் சாய்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மணல் தூவின மாதிரி இருக்கு படம்," என்றான்.

"வெளிச்சம் பத்தலை. இன்னும் நெறைய எடுத்தாத்தான் மணல் அடங்கும்."

"இன்னைக்கு வானம் எப்படி?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மதியமே பார்த்திருந்தாள். ஒரு துணுக்கு மேகம் கூட இல்லை, நிலவும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குப் போகலைண்ணா. உன் பக்கத்துலயே இருக்கேன்."

"பக்கத்துல இருந்து? ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைப் பாத்து நோட்டுல குறிப்பியா?"

அம்மாதான் சொன்னாள். அவன் பாதத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "போயிட்டு வா. நான் இருக்கேன். ஏழு மணிக்கு சிஸ்டரும் வந்துடுவாங்க."

"அம்மா..."

"கேக்கறான்ல. போ."

கிளம்பும்போது அவன் கையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அந்த விரல்கள் அவள் விரலை ஒருமுறை அழுத்தின. நட் இறுகியதா என்று பார்க்கிற அழுத்தம். "ஃபோகஸ் பாத்துட்டு டேப் போடு," என்றான். "போன தடவை மறந்துட்டே."

மொட்டைமாடியில் குளிர் காதைக் கிள்ளியது. முக்காலியை விரித்தாள். வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் கருவியை அதன் மேல் பொருத்தினாள். அச்சை நேர்செய்தாள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, அது ஊசிமுனையாகும் வரை லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள், அது நகராதபடி டேப் போட்டாள். பூ இருக்கும் இருட்டுத் துண்டுக்குக் கேமராவைத் திருப்பினாள். டைமரில் முப்பது படம், படத்துக்கு இரண்டு நிமிடம், நடுவில் ஐந்து விநாடி. இம்முறை எதையும் இரண்டாம் தடவை சரிபார்க்கவில்லை. கீழே நர்ஸ் வாசல் மணியை அடிப்பதும் கதவு திறப்பதும் கேட்டன.

முதல் படம் முடிந்ததும் கேமராத் திரையில் பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தால், நடுவில் ஏதோ சிவந்திருந்தது. ஒற்றைப் படத்திலேயே! இவ்வளவு நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. எதைத் தேடுவதென்று தெரியாததால் கண் தாண்டிப் போயிருக்கிறது. இதைச் சொன்னால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். 'அப்ப நீ குருடியா இருந்திருக்க, கேமரா நல்லாத்தான் இருந்திருக்கு.' அதை அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். ஆனால் அந்த மாடித்தளம் பழையது. ஒருவர் வேகமாக நடந்தால் முக்காலி வரை அதிரும், நட்சத்திரங்கள் கோடாகும். முடியட்டும் என்று நின்றாள். குளிருக்குக் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாவது படம் ஓடும்போது மாடிக்கதவு திறந்தது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. அம்மா.

"அம்மா, அங்கயே நில்லு, வராத. இன்னும் நாப்பது செகண்ட்." சந்தோஷத்தில் குரல் தாழ்த்த முடியவில்லை. "ஒத்தைப் படத்துலயே தெரியுதும்மா சிவப்பு! அவன்கிட்ட சொல்லணும்."

அம்மா செருப்பில்லாமல் வந்திருந்தாள். கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்திலேயே நின்றாள்.

தங்கையின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை. டைமரின் சின்னச் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று. முப்பது. அவள் அம்மாவைப் பார்க்காமல் எண்களைப் பார்த்தாள்.

"முடியட்டும்," என்றாள் அம்மா, மிக மெதுவாக.

க்ளிக் என்று மூடியது. ஐந்து விநாடி இருந்தது. அம்மா வாயைத் திறந்தாள். தங்கை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அதற்குள் க்ளிக் என்று அடுத்தது தானாகவே திறந்துகொண்டது.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். டைமரில் நூற்றிருபது தெரிந்தது. பிறகு நூற்றுப் பத்தொன்பது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடியே, தளம் அதிராமல், மற்றக் கையை மெதுவாகத் தரையில் ஊன்றி, வாசற்படியில் உட்கார்ந்தாள்.